பாடு இல்லாத மீன்

ஆக்லாந்து,
மார்ச் 2

அன்புள்ள சூசைக்கு,

மக்கா, உன் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். கடைசித் தடவை கேட்டது பின்னால் வரும் அலைச் சத்தத்துக்காக. வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்கிவிட்டாய், நல்லது. கடன் எவ்வளவு என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாய். அடுத்த தடவை சொல். மூத்தவள் நர்சிங் முடித்துவிட்டாள் என்று கேட்டதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மதினியிடமும் சொல்லிவிடு.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அவ்வளவு பெரிய மீனைப் பிடித்துவிட்டு ஏன் திரும்பக் கடலில் விட்டேன் என்பது ஒன்று. பெங்களூரிலிருந்து காரின் மேல் கயாக் படகைக் கட்டிக்கொண்டு வந்த பையன்களுக்கு, கடலடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டான நம் பார் இருக்கிற இடத்தைக் காட்டலாமா என்பது மற்றது. ஃபோனில் சொல்லித் தீராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடியுமுன் டாக்கபூனா கடற்கரையில் கயாக்கை இறக்கினேன். எதிரே ராங்கிடோட்டோ தீவு, முழுக்க எரிமலைப் பாறை. காற்று அசையவில்லை. இந்தக் கயாக் ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக். உள்ளே இறங்கி உட்காருவதில்லை, மேலேதான் உட்கார வேண்டும். அலை ஏறினால் தண்ணீர் துளை வழியாக அடியில் வடிந்துவிடும். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததுமே எனக்கு அப்பாவின் கட்டுமரம் ஞாபகம் வந்துவிட்டது. அதிலும் தண்ணீர் மேலே வரும், இடுக்கு வழியாகப் போகும், மரம் முங்காது. தொடைக்கு அடியில் கடல் ஏறி இறங்குவது அப்படியே தெரியும். இந்த ஊர்த் துறையில் கோடீஸ்வரர்கள் நிறுத்தியிருக்கும் இரட்டை உடல் படகுக்கு ‘கட்டமரான்’ என்று பெயர். நம் வார்த்தைதான். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

தீவுக்கு இந்தப் பக்கம் பறவைகள் செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தன. பறவை விழுகிற இடத்தில் மீன் இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே. அங்கே போய் இரையை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. கயாக்கின் மூக்கு தானாகத் திரும்பி, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. துடுப்பு மடியில் சும்மா கிடக்க, ஒரு மீன் என்னைக் கூட்டிப் போகிறது! இருபது நிமிஷம் இருக்கும். முழங்கை மரத்துப் போயிற்று. வாய்விட்டுக் கத்தினேன், மக்கா. சுற்றிலும் கேட்க ஒருவரும் இல்லை.

கிங்ஃபிஷ் என்பார்கள், நம் பாரை மீன் குடும்பம்தான். அளந்தேன், 82 செ.மீ. இங்கே 75 இருந்தால் எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே மூன்று ஸ்நாப்பர் பெட்டியில் கிடந்தது. நம் விளமீன் சாயல், இளஞ்சிவப்பு உடம்பில் நீலப் பொட்டு வைத்தது போல இருக்கும். வீட்டில் நாங்கள் மூன்று பேர். பொழுதுபோக்காகப் பிடித்த மீனை இந்த நாட்டில் விற்கக் கூடாது, பண்டமாற்றுகூடக் கூடாது, சட்டம் அப்படி. எங்கள் பக்கத்துக் கடலில் தொழில் செய்கிறவர் 25 செ.மீ. ஸ்நாப்பரை எடுக்கலாம். என்னைப் போன்றவன் 30-க்குக் கீழே தொடக் கூடாது, ஒரு நாளைக்கு ஏழுக்கு மேல் எடுக்கவும் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. தொழிலுக்குப் போகிறவனுக்கு முதல் உரிமை என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்களே என்று தோன்றியது.

அதனால்தான் விட்டேன். ஃப்ரீசரில் கிடந்து வீணாக வேண்டாம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. விட்டால் பிழைத்துவிடும் என்று எப்போதும் சொல்லவும் முடியாது. ஆழத்திலிருந்து ஏறிவரும் ஸ்நாப்பருக்குக் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்க்கு வந்துவிடும். அதைத் திரும்ப விடுவதில் என்ன புண்ணியம்? இது மேலாகப் பிடித்த மீன், தெம்பாக இருந்தது. தண்ணீரிலேயே வாலடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஒரு உதறு உதறி, என் கையை விட்டு உருவிக்கொண்டு போய்விட்டது.

நீ சொன்னாயே, “உனக்கு அது ஆனந்தம், எனக்கு அது வேலை” என்று. அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒருநாள் நடுமத்தியானத்தில் கரைக்கு வந்தார். கட்டுமரத்தில் ஒரே ஒரு நெய்மீன், என் இடுப்பு உயரம். வலது உள்ளங்கையில் தங்கூசி நரம்பு அறுத்த கோடு, சதை வெளுத்துத் திறந்திருந்தது. அம்மா ஓடிவந்து கேட்டது, “எவ்வளவுக்குப் போச்சு?” அப்பா பதிலே சொல்லவில்லை. அது எப்படிக் கவ்வியது, எத்தனை ஓட்டம் ஓடியது, மரத்துக்கு அடியில் எப்படிப் பாய்ந்தது என்று கையை ஆட்டி ஆட்டி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காயத்திலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது, அதைக்கூடப் பார்க்கவில்லை. ஏலம் முடிந்து, முன்பணம் கொடுத்த வியாபாரி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டியபோதுதான் அந்த முகம் அணைந்தது. அப்பாவுக்கு இருந்தது என் ஆனந்தத்தைவிடக் குறைச்சலா? உனக்கும் இருக்கிறது. சூரை மீன் ஏறுகிற நாளில் உன் குரலே வேறு. உன்னிடம் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள், ஓட்டத்தைக் கேட்பதில்லை.

நம் ஊரில் கிடைத்த மீனுக்கும் பாடு என்றுதான் பெயர், படுகிற கஷ்டத்துக்கும் பாடு என்றுதான் பெயர். எனக்குக் கிடைப்பதை அந்தச் சொல்லால் சொல்ல நாக்கு வருவதில்லை. நான் போவதைத் ‘தொழிலுக்குப் போறேன்’ என்றும் சொல்ல மாட்டேன். காற்று கொஞ்சம் கூடும் என்று செல்ஃபோன் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். என் சம்பளம் அதனால் குறையாது. 2017 நவம்பர் கடைசியில் உன் தம்பி அப்படிப் படுத்துக்கொள்ள முடியவில்லையே. ஒக்கி புயல் அடித்தபோது அவர்கள் கரைக்குச் சேதி எட்டாத தூரத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு தடவை கயாக்கை இறக்கும்போதும் அவன் ஞாபகம் வருகிறது.

கயாக்கும் விளையாட்டுக்குப் பிறந்ததல்ல தெரியுமா? வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் மரச்சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்குப் போன கலம் அது. அவர்களுக்கும் அது பாடுதான்.

இப்போது அந்தப் பையன்கள் விஷயம். அவர்கள் மேல் வருத்தப்படாதே. அவர்களும் என்னைப் போலத்தான், அந்தக் கவ்வலுக்காக வருகிறவர்கள். கூட்டிப் போ, ஆனால் சும்மா போகாதே. எண்ணெய்ச் செலவு, உன் ஒரு நாள் வரும்படி, அதற்கு மேலும் கேள். கயாக்குக்கு அவர்கள் போட்ட பணத்தில் அது கொசுறு. ஆனி, ஆடியில் மட்டும் கயாக்கை இறக்க விடாதே. ஏரியில் பழகியவர்களுக்கு நம் கரையில் உடையும் அலை தெரியாது. முட்டம் லைட்ஹவுஸையும் மலையையும் வைத்து அப்பாக்கள் நமக்குக் காட்டிய தூரப் பாருக்கு அழைத்துப் போகவே போகாதே. அவர்களிடம் ஜிபிஎஸ் இருக்கும். ஒரு தடவை புள்ளி பதிந்துவிட்டால் அடுத்த வருஷம் அங்கே யார் யார் நிற்பார்கள் என்று உனக்கே தெரியாது. ஊருக்கே தெரிந்த கிட்டப் பார் போதும், அவர்களுக்கு அங்கேயே நல்ல பாரை மீன் கிடைக்கும்.

டிசம்பரில் வருகிறேன். உன் வள்ளத்தில் ஒரு நாள் எனக்கு இடம் வை. பங்கு வேண்டாம், கம்பும் ரீலும் கொண்டுவர மாட்டேன்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க முடியவில்லை என்று நீ சொல்வது எனக்குத் தெரியும். கயாக்காரர்களுக்கு என்று தைப்பதில் தோள் பக்கம் அகலமாக வெட்டி விட்டிருப்பார்கள், கை தாராளமாக வீசும். நானே நாள் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டேன். உனக்கு ஒன்று, தம்பி மகனுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவன் நெஞ்சளவு எனக்குத் தெரியவில்லை, அளந்து அனுப்பு. சின்னதாக இருந்தால் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
அருள்