பேச்சு அதிகம்தான், கணக்கு தவறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கிறிஸ் கிளேர்மான்ட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'எக்ஸ்-மென்' என்ற அமெரிக்கச் சூப்பர் ஹீரோ சித்திரக்கதை வரிசையை அவர் பதினாறு ஆண்டுகள் எழுதியதில் தேறுவது இரண்டே கதைகள், மீதியெல்லாம் வளவளப்பு என்று கட்டுரையாளர் ஒரேயடியாக முடித்துவிட்டார்.

வளவளப்பை நான் மறுக்கவில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவன் நான். ஒரு கட்டத்துக்குள் எத்தனை சொல் தாங்கும் என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடுவேன். கிளேர்மான்டின் பக்கங்களில் ஓவியத்தை மூலைக்குத் தள்ளிவிட்டு வசனம் உட்கார்ந்திருக்கும். அடிபட்டு மாடியிலிருந்து விழுகிறவன் தரையைத் தொடுவதற்குள் தன் பிறந்த ஊர், பழைய காதல், இன்றைய மனக்குறை மூன்றையும் சொல்லி முடித்துவிடுவான்.

என் வழக்கெல்லாம் அந்த 'இரண்டே கதைகள்' கணக்கோடுதான். கட்டுரை கொண்டாடும் இரண்டும் 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வந்தவை: எக்ஸ்-மென் அணியின் ஜீன் கிரே, பீனிக்ஸ் என்ற பேராற்றல் கொண்டவளாக மாறி அழியும் கதை, எதிர்காலத்திலிருந்து எச்சரிக்கை வரும் கதை. இரண்டிலும் ஓவியர் ஜான் பைர்ன் கதையமைப்பிலும் சரிபாதிப் பங்காளி. முதல் கதையின் முடிவோ அந்த இருவருடையதும் அல்ல. அவர்கள் எழுதி வைத்திருந்ததில் ஜீன் சாகவில்லை, சக்தியை மட்டும் இழக்கிறாள். ஒரு கோளையே உயிர்களோடு எரித்தவளுக்கு இது ஒரு தண்டனையா என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் கேட்கப்போய், 137-ஆம் இதழின் கடைசிப் பக்கங்கள் அவசரமாக மாற்றப்பட்டன. பழைய முடிவு 1984-இல் தனி வெளியீடாக வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷூட்டர் சொன்னதுதான் சரி.

ஆக, மூன்று பேர் சேர்ந்து கட்டிய வீட்டைக் காட்டி ஒருவருடைய தொழில்திறனை எடைபோட்டிருக்கிறார் கட்டுரையாளர். பைர்ன் 143-ஆம் இதழோடு விலகினார். அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில்தான் கிளேர்மான்ட் யார் என்பது தெரிகிறது.

150-ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இலிருந்து வெறும் வில்லனாக உலவிய மேக்னெட்டோ, சண்டையின் உச்சத்தில் எக்ஸ்-மென் அணியின் கிட்டி பிரைடை வீழ்த்திவிடுகிறான். அவள் பதின்மூன்று வயது யூதச் சிறுமி. கொன்றுவிட்டோம் என்று நினைத்து அவளைக் கைகளில் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறான். ஆஷ்விட்ஸில் தன்னவர்களை இழந்தவன் அவன் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. பிறகு வந்த திரைப்படங்களில் மேக்னெட்டோவின் சோகமாக நாம் பார்த்ததெல்லாம் இங்கே ஊன்றிய விதை.

அல்லது 183-ஆம் இதழ். அணியைச் சேர்ந்த கொலோசஸ் கிட்டியிடம் காதல் முறிந்தது என்று சொல்லிவிடுகிறான். அணியின் மூத்தவன் வுல்வரின் அவனை மதுக்கடைக்கு அழைத்துப் போகிறான். அங்கே சாதாரண உடையில் அணியின் பழைய எதிரி ஜக்கர்நாட் குடித்துக்கொண்டிருக்கிறான் (நம் பூரி ஜகந்நாதர் தேர்தான் ஆங்கிலத்துக்குப் போய் இந்த முரடனுக்குப் பெயராயிற்று). கைகலப்பு மூள்கிறது. கடை இடிகிறது, கொலோசஸ் அடி வாங்குகிறான். வுல்வரின் உதவிக்குப் போவதில்லை, வேண்டுமென்றே பார்த்துக்கொண்டு நிற்கிறான். உலகத்துக்கு எந்த ஆபத்தும் இல்லாத கதை. ஒரு பெண்பிள்ளையை அழவைத்தவனுக்கு வீட்டுப் பெரியவர் வாங்கிக்கொடுத்த உதை, அவ்வளவுதான். சூப்பர் ஹீரோ இதழில் இதற்கு இடம் உண்டு என்று நம்பியவர் அவர்.

மொத்தத்தில் அவர் ஒரு தொடர்கதைக்காரர். வார இதழ் தொடர்கதைகளோடு வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கட்டுரையாளர் போற்றும் அந்த எதிர்காலக் கதையிலேயே, 142-ஆம் இதழில், அணியின் நைட்கிராலர் எதிரணியின் நீலத்தோல்காரி மிஸ்டிக்கைப் பார்த்துத் திகைக்கிறான், யார் நீ என்கிறான். போய் உன் தாயைக் கேள் என்பதுபோல் ஒரு பதில். 1981-இல் போட்ட அந்த முடிச்சை, மிஸ்டிக்தான் அவனைப் பெற்றவள் என்று 1994-இல் வேறொருவர் அவிழ்த்தார். அதற்குள் கிளேர்மான்ட் போய்விட்டிருந்தார். முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போய் அவிழ்க்க மறந்தது அவருடைய பெரிய குறை. கட்டுரையாளர் அதைச் சொல்லியிருக்கலாம்.

அவர் கேலி செய்திருப்பது வேறு ஒன்றை: பாத்திரங்கள் தங்கள் பெயரையும் சக்தியையும் மாதாமாதம் ஒப்பிப்பதை. நான் இந்த இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் முன்னும் பின்னும் கிடைத்தபடி வாங்கியவன். 201 கிடைத்து இரண்டு வருடம் கழித்து 186 கிடைக்கும். அந்த ஒப்பித்தல் இல்லாவிட்டால் எனக்குத் தலைகால் புரிந்திருக்காது.

அந்த 201-ஐப் பற்றி ஒரு வார்த்தை. சக்திகளையெல்லாம் இழந்துவிட்ட ஸ்டார்ம், அணித் தலைமைக்கான போட்டியில் சைக்ளோப்ஸை வெறும் சாமர்த்தியத்தால் வெல்கிறாள். தோற்றவன் மனைவியோடும் பிறந்த குழந்தையோடும் போய் வாழட்டும் என்பதுதான் கிளேர்மான்டின் எண்ணம். ஆனால் 1986 தொடக்கத்திலேயே வெளியீட்டு நிறுவனமான மார்வெல் ஜீனை உயிர்ப்பித்து, புதிய வரிசை ஒன்றுக்காகச் சைக்ளோப்ஸை மனைவி, கைக்குழந்தையிடமிருந்து பிரித்துவிட்டது. கிளேர்மான்ட் எதிர்த்தும் பயனில்லை. கைவிடப்பட்ட அந்த மனைவியைப் பிறகு அரக்கியாக்கி முடித்தவரும் அவரே. என்னால் இன்றும் அதை ஏற்க முடியவில்லை.

1991-இல் ஜிம் லீ ஓவியத்தோடு தொடங்கிய புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டிக் கடைகளுக்குப் போனது. கதையை யார் தீர்மானிப்பது என்பதில் ஆசிரியர் பாப் ஹாரஸோடு ஒத்துப்போகாமல் மூன்றாவது இதழோடு கிளேர்மான்ட் வெளியேறினார். 2000-இல் திரும்பி வந்து எழுதியவை சோபிக்கவில்லை என்பதில் கட்டுரையாளரோடு எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது.

கடைசியாக, பழக்கதோஷத்தில் ஒரு திருத்தம். வுல்வரினைக் கிளேர்மான்ட் உருவாக்கியதாகக் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. தவறு. 1974-இல் ஹல்க் இதழில் அவனை அறிமுகப்படுத்தியவர் லென் வைன். உருவத்தை வடிவமைத்தவர் ஜான் ரொமிட்டா. அடுத்த இதழில் சரிசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
திருச்சி