கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

நேரத்துக்குச் சாப்பிடு. விடிய விடிய உட்கார்ந்து எழுதாதே. பிரெஞ்சுப் புரட்சிக் கால ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி நீ அனுப்பிய அத்தியாயத்தை அப்பா அச்செடுத்துக் கொடுத்தார், முழுக்கப் படித்துவிட்டேன். என் பெண்ணா இதை எழுதினாள் என்று அத்தையிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை. ஆனால் அனுப்பியதோடு சரி, அப்புறம் உன்னிடமிருந்து பேச்சே இல்லை.

ஹெலன் மரியா வில்லியம்ஸைக் கொண்டாடியிருக்கிறாய். 1790 ஜூலையில் பாரிஸில் புரட்சியின் முதலாண்டு விழாவைப் பார்த்து, சாதாரண மனித உணர்வு இருந்தாலே அந்த நேரத்தில் உலகப் பிரஜையாகிவிடலாம் என்று எழுதியவர். அதே பாரிஸ்தான் 1793 அக்டோபரில், பிரிட்டிஷ்காரர் என்று அவரையும் அவர் அம்மாவையும் சிறையில் அடைத்தது. அந்த அம்மாவைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சார்லட் ஸ்மித்துக்கு ஒரே பக்கம் கொடுத்ததும் எனக்கு மனக்குறைதான். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். கடனாளிக் கணவரை விட்டு வந்து, எழுதித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1792-இல் ‘டெஸ்மண்ட்’ நாவலில் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர், மறு வருடமே ‘தி எமிக்ரண்ட்ஸ்’ கவிதையில், அதே புரட்சிக்குத் தப்பி வந்தவர்களுக்காக இரங்குகிறார். அந்தக் கவிதையில் பிரைட்டன் கடற்கரைப் பாறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அகதித் தாயைப் பார். கவிதை வெளிவந்தபோது பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டிருந்தது. வந்தவர்களுடைய பழைய அகம்பாவத்தையும் சார்லட் மறைக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே 1793-இல் அவருடைய செல்ல மகள் அகஸ்டா கல்யாணம் செய்துகொண்டதும் அப்படி அகதியாக வந்த ஒரு பிரெஞ்சுக்காரரைத்தான். கையில் காசில்லாதவர், எதிரி நாட்டவர். அந்த மருமகன்மேல் சார்லட் பிரியமாகவே இருந்தார். இதை நீ அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும். உனக்குத் தெரியாமல் இருக்காது. ஏன் விட்டாய் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

அகஸ்டாவுக்கு அதற்குப் பிறகு நடந்ததை எழுத மனம் வரவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் நீ பேசும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. கூடப் படிக்கிறவர் என்றாய், நானும் மேலே கேட்கவில்லை. அப்பாவும் கேட்கமாட்டார், உனக்குத் தெரியும். பொங்கலுக்கு மாடி அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள், அவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே எழுது.

அம்மா