பாத்ரூம் கதவை அளந்து அனுப்பு

லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

வீடியோ காலில் பேட்டரி சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அம்மா முகம் சுண்டிப்போனதைக் கவனித்தேன். "தம்பிக்கு இன்னும் மோசமாயிடுச்சா?" என்று உன்னைக் குடைந்திருப்பாள். இதை நீயே படித்துக் காட்டு.

முதுகுத்தண்டு அப்படியேதான் இருக்கிறது. தேய்ந்தது தோள்பட்டை. எட்டு வருஷமாகக் கையால் சக்கரம் தள்ளுகிறேன். கட்டிலுக்கும் கழிவறைக்கும் மாறுவதும் கை ஊன்றித்தான். தோளும் போனால் கட்டிலைவிட்டு இறங்கவே ஆள் வேண்டும். அதனால் வெளியே பேட்டரி, வீட்டுக்குள் பழையது. வேலூரில் பழக்கியபடி அடிக்கடி பின்பக்கத்தைத் தூக்கிக்கொடுப்பதை மட்டும் விடவில்லை. ஒரே இடம் அழுந்திப் புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதே. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கணும். போகிற இடத்தில் நாற்காலி நுழையும் கழிவறை உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டையே மாட்டுவேன். பஸ்ஸில் டிரைவர் பட்டனைத் தட்டினால் நடுக்கதவில் பலகை நீளும், எனக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனால் நாற்காலிக்கு இருக்கும் இடத்தில்தான் குழந்தை வண்டிகளும் நிற்கும். நகர மறுப்பவரிடம் டிரைவர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது என்று 2017-லேயே இங்கத்து உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போன வாரம் மழையில் ஒரு பெண், தூங்கும் பிள்ளையோடு அந்த இடத்தில். டிரைவர் எழுந்தார். நான்தான் "போங்க" என்று கைகாட்டினேன். அடுத்த பஸ் வருவதற்குள் முழங்கால் போர்வை தொப்பல். காலுக்குக் குளிர் தெரியாதது ஒரு வசதி, ஒரு ஆபத்தும்கூட.

பாதாள ரயில் பழங்காலத்துது. ஏறத்தாழ மூன்றில் ஒரு ஸ்டேஷனுக்குத்தான் படி ஏறாமல் போகலாம். 2022-ல் வந்த எலிசபெத் லைனில் 41 ஸ்டேஷனிலும் அந்தத் தொல்லை இல்லை. சுற்றுவழியானாலும் அதில்தான் போகிறேன்.

இப்போது நம் பெரம்பூர் வீட்டு விஷயம். பொங்கலுக்கு வருகிறேன். பேட்டரி வண்டி நூறு கிலோவுக்கு மேல், நம் வாசலில் யாராலும் தூக்க முடியாது, பழையதுதான் வரும். மாமா சரிவுப்பலகை அடிக்கப்போகிறாராமே, வேண்டாம் என்று சொல். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். மூணு படி 18 அங்குலமென்றால் பலகை 18 அடி, எதிர்வீட்டு பைக்கில் போய் முட்டும். நாற்காலியோடு சேர்த்துத் தூக்க ரெண்டு பேர் போதும். அக்குளில் கை கொடுத்து மட்டும் யாரும் தூக்கக்கூடாது, ஆட்டோக்காரர் உட்பட.

மெரினாவில் நாற்காலி போக மரப்பாதை போட்டார்களே, திறந்த சில நாளிலேயே 2022 புயல் பிய்த்துப்போட்டதே, அது இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு வா. அம்மாவோடு அலை பக்கத்தில் உட்காரணும்.

பாத்ரூம் கதவின் அகலத்தை டேப் வைத்து அள. நிலைக்கு நிலை வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, மிச்சமிருக்கும் இடைவெளியை அள. 25 அங்குலத்துக்குக் குறைந்தால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுவிடு.

உன் தம்பி