உத்தரியம் தாயத்து அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வடசென்னைத் திருவிழாக் கடைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரை, பெரம்பூர் லூர்து மாதா கோயிலருகே விற்கப்படும், கத்தோலிக்கர் கழுத்தில் அணியும் உத்தரியத்தைக் 'கிறித்தவத் தாயத்து' என்று குறிப்பிட்டிருந்தது. சிறுவயது முதல் அதை அணிந்து வரும் எனக்கு அந்தச் சொல் வருத்தம் தந்தது.

உத்தரியம் என்றாலே மேலாடை என்றுதான் பொருள். துறவியர் வேலை செய்கையில் அங்கி அழுக்காகாதிருக்கத் தோளிலிருந்து முன்னும் பின்னும் தொங்கவிட்ட நீண்ட துணியே, கார்மேல் சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையாரின் செபவாழ்வில் பங்குகொள்ள விரும்பிய இல்லறத்தாருக்காகச் சுருங்கி, நாடாவில் கோத்த இரண்டு பழுப்புநிறக் கம்பளித் துண்டுகளாயிற்று. ஒன்று மார்பிலும் மற்றொன்று முதுகிலும் கிடப்பது அதனால்தான். எனக்குப் புதுநன்மை (முதன்முறை நற்கருணை பெறும்) நாளில் சாமியார் அணிவித்த உத்தரியம் வியர்வையில் இற்றுப்போனபோது, அம்மா அதே நிறத்துணியை வெட்டிக் கையாலேயே தைத்துத் தந்தார். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போய்வந்த அப்பா மட்டும், உப்புநீரில் துணி நைந்துவிடுவதால், 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அனுமதித்தபடி, ஒருபுறம் திரு இருதயமும் மறுபுறம் மாதாவும் பொறித்த பதக்கத்தை அணிந்தார். என் மனத்துக்குத் துணியே நெருக்கமானது. அது உடை என்பதைத் தொட்டாலே உணரலாம்.

கட்டுரையாளரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. இதை அணிந்து இறந்தவரை அடுத்த சனிக்கிழமையே மாதா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து (இறந்தோர் ஆன்மா விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் நிலையிலிருந்து) மீட்பார் என்று அச்சிட்ட சீட்டோடு உத்தரியம் விற்கப்படுவதை நானே பார்த்திருக்கிறேன். 'உத்தரியம்', 'உத்தரிக்கிற' என்ற இரு சொற்களும் ஒலியில் நெருங்கியிருப்பதால் நம்மவர்களும் இதை எளிதில் நம்பிவிடுகிறார்கள். அந்த வாக்குறுதிக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1322-ஆம் ஆண்டுத் திருத்தந்தை மடல் உண்மையானதன்று. மாதா அந்த ஸ்தலத்துக்கு இறங்கி ஆன்மாக்களை மீட்பதாகப் படம் வரையக் கூடாது என்று 1613-இலேயே உரோமை தடுத்ததோடு, அன்பில் நிலைத்து, கற்புநெறி காத்து, செபித்து வாழ்ந்தவர்களுக்கே அந்த நம்பிக்கை உரியது என்றும் வரையறுத்தது. இந்தக் கடமைகளைச் சீட்டில் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

கார்மேல் மாதா திருநாள் ஜூலை 16; லூர்து நகரில் 1858-இல் மாதா கடைசியாகக் காட்சி தந்ததும் அதே நாளில்தான். அன்று பெரம்பூரில் உத்தரியம் தரிக்க வருவோருக்கு அதன் பொருளையும் கடமையையும் குருக்கள் ஐந்து நிமிடம் விளக்க வேண்டும் என்றும், தங்கள் இதழ் இனி அதைத் தாயத்து என்று எழுத வேண்டாம் என்றும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ராயபுரம், சென்னை.