செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாததால் எந்த முடிவும் எடுக்க முடியவில்லை. சுதந்திர தின, குடியரசு தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் தொடர்பாக மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன.

சிறுவர் ஓவிய வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்சிலுக்கும் தாளுக்கும் சங்கப் பணமா என்ற கேள்வி இரண்டு கூட்டங்களில் எழுந்தது. அதற்கான பதிலை இங்கேயே பதிவு செய்கிறேன்.

நம் வீடுகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2022-ல் அது ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஆனால் முதல் வகுப்பில், தெரிந்த நீர்ப்பறவை ஒன்றை வரையச் சொன்னபோது பெரும்பாலும் பென்குவினும் அன்னமும்தான் வந்தன. கொக்கு வரைந்தவர்களும் அதன் காலை நம் கால்போல முன்பக்கம் முட்டி தெரிய மடக்கியிருந்தார்கள். கொக்கின் காலில் நடுவே மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். அதனால்தான் பின்பக்கம் மடங்குகிறது. முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடும். ஒருமுறை பார்த்து வரைந்த கை மறக்காது.

வகுப்பு சதுப்புநில ஓரத்தில், ஞாயிறு காலை 6.30 முதல் 8 மணி வரை. முதல் பத்து நிமிடம் பென்சில் கிடையாது, பார்ப்பது மட்டும். பிறகு வெளிர்கோடு போடும் 2எச் பென்சிலால் தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் நீர்மட்டக் கோடு. அதன்பின் சம்பு, கோரை ஆகிய நீர்ச்செடிகள் எங்கே நிற்கின்றன என்ற குறிப்பு. பறவை மூன்றாவதாகத்தான் வரும்: உடலுக்கு ஒரு சாய்ந்த முட்டை வடிவம், தலைக்குச் சிறு வட்டம், இரண்டையும் சேர்க்கும் கழுத்து, நீர்மட்டம் வரை கால்கள், கடைசியில் அலகு. பிள்ளைகள் கண்ணிலிருந்தோ அலகிலிருந்தோ தொடங்கினால் தலை பெரிதாகி, காலுக்குத் தாளில் இடம் இருக்காது. கால் குட்டையானால் அந்தப் பறவை அங்கே ஏன் நிற்கிறது என்பதே புரியாமல் போய்விடும்.

அளவெடுக்க, கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அலகின் நீளத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ள வேண்டும். உடல் எத்தனை அலகு, கால் எத்தனை அலகு என்று அதை வைத்தே எண்ணலாம். முழங்கையை மடக்கினால் அளவு மாறிவிடும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான். பறவை அசைந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டு, அதே தாளில் அடுத்த நிலையைத் தொடங்க வேண்டும். மேயும் பறவை பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். அப்போது விட்ட படத்தைத் தொடரலாம். ரப்பர் கொடுப்பதில்லை என்று சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். அழிக்கும் பிள்ளை தாளைப் பார்க்கிறது, பறவையைப் பார்ப்பதில்லை. தவறான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டால் போதும்.

சின்னக் கொக்கு வெள்ளை. அதற்கு நிழல் தீட்டத் தேவையில்லை. அதன் பின்னால் உள்ள சம்பை, கருங்கோடு போடும் 4பி பென்சிலால் கருப்பாக்கினால் கொக்கு தானாகத் துலங்கும். நீரில் தெரியும் பிம்பம் நேர் கீழே விழும், நிழல்தான் சாயும். இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். பூநாரையின் அலகு நடுவில் வளைந்திருப்பதை நேராக்கி வரைந்தார்கள். தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு மேய்வதைப் பார்த்த பிறகு வளைவு சரியாக வந்தது. நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு, குஞ்சுக்குக் கிடையாது. இடைவெளி இல்லாமல் வரைந்தால் உடனே தவறு என்று சொல்லிவிடக் கூடாது.

பொருட்கள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிள்ளைக்கு 2எச், எச்பி, 4பி என மூன்று பென்சில் போதும். இன்னும் மென்மையான 6பி உள்ளங்கை வியர்வையில் ஈஷிக்கொள்கிறது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்தால் 4பி-யும் கலையாது. கீழே விழுந்த பென்சிலின் கூர் உடையாமல் இருந்தாலும் உள்ளே கரிக்குச்சி துண்டு துண்டாகியிருக்கும், சீவச் சீவக் கொட்டும். நிறைய பென்சில் வாங்க வேண்டிவந்ததற்குக் காரணம் இதுதான், விரயம் அல்ல. ஜெராக்ஸ் தாளில் 4பி பிடிப்பதில்லை என்பதால் வரைவதற்கான தடித்த கார்ட்ரிட்ஜ் தாள் வாங்கினோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, சமுதாயக் கூடத்துச் சுவரில் நீங்கள் பார்க்கும் நீளப் படம். ஆறு சார்ட் தாள்களை இணைத்து, கரைச் சேற்றிலிருந்து ஆழம் வரை சதுப்புநிலத்தின் குறுக்குவெட்டை வரைந்திருக்கிறோம். பறவைகள் எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு அளவில் உள்ளன. பட்டாணி உப்புக்கொத்தி 3 செ.மீ., நெடுங்கால் உள்ளான் ஏழரை, மஞ்சள்மூக்கு நாரை ஏறத்தாழ 19. நீரின் ஆழமும் அதே அளவில்தான். கிடைநீளத்தை மட்டும் சுருக்கியிருக்கிறோம், அதைப் படத்திலேயே எழுதியுள்ளோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பறவையை வெட்டி, கால் எட்டும் ஆழத்தில் வைத்துப் பார்த்து ஒட்டியது. உப்புக்கொத்தி சேற்றிலேயே நின்றுவிட்டது. உள்ளான் சற்று உள்ளே போனது, நாரை அதையும் தாண்டியது. முக்குளிப்பானும் கூழைக்கடாவும் மிதந்தன. நீளவால் இலைக்கோழி, நாரையைவிடக் கால் குட்டையாக இருந்தும் அல்லி இலைமேல் ஆழத்துக்குப் போனது. விரல்களை நீளமாக வரைந்த பிறகுதான் அது எப்படி என்று விளங்கியது. முதல் முயற்சி வீணானதையும் சொல்லிவிடுகிறேன். செல்லோ டேப்பை முன்பக்கம் ஒட்டியதால் அதன்மேல் பென்சில் ஏறவில்லை. டேப் பின்பக்கம்தான் ஒட்ட வேண்டும், சார்ட்டின் வழவழப்பில்லாத பக்கத்தில்தான் வரைய வேண்டும்.

டிசம்பர் நீர்மட்டத்தைக் கோடாகப் போட்டு, அதை நான்கு சென்டிமீட்டர் உயர்த்திப் பார்க்கச் சொன்னோம். நேரில் அது 20 செ.மீ. உயர்வு. உள்ளான் முழுகிவிட்டது. ஏரி நிரம்பி வழிந்தால் எல்லாப் பறவைக்கும் நல்லது என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். சதுப்புநிலத்தின் வடிகாலான ஒக்கியம் மடுவு வழியாக நீர் வடிவது பறவைகளுக்கும் ஏன் முக்கியம் என்று பத்து வயதுப் பிள்ளைகள் அன்று அந்தப் படத்தைக் காட்டி விளக்கினார்கள். சங்கப் பணம் எங்கே போனது என்று கேட்டவர்கள் அந்தச் சுவரை ஒருமுறை நின்று பார்க்க வேண்டுகிறேன்.

ஏப்ரல் நீர்மட்டக் கோடும் படத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டில் நிற்க வேண்டிய பறவைகள் இல்லை, அவற்றைப் போய்ப் பார்த்து வரைய முடியவில்லை. சாலையோரமாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஆறு பேருக்கு ஒரு பெரியவர் தேவை. பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை. சிலர் தகவலும் சொல்லவில்லை. தயாராக வந்த பிள்ளைகளை மூன்று ஞாயிறுகள் வாசலிலிருந்தே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இதை மனவருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஓவிய வகுப்பு அதற்குக் காரணமல்ல. அதன் செலவு பெரும்பகுதி நன்கொடையில் ஈடானது. சந்தா பாக்கி வைத்திருப்போர் பாதிக்கு மேல். சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று குழு முடிவு செய்திருப்பதால் வாசிக்கவில்லை.

ஒத்துழைத்த தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், கூடத்தைத் திறந்து பெருக்கிக் கொடுத்த காவலர், மழை நாளிலும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அனைவருக்கும் நன்றி.

வரும் டிசம்பரில் வகுப்பைத் தொடங்க நான்கு பெரியவர்கள், ஆளுக்கு மாதம் இரண்டு ஞாயிறு கொடுத்தால் போதும். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துத் தாள் பின்வரிசை மேசையில் இருக்கிறது. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்