ஜமுக்காளமும் கடுவன் பூனையும்

நீடாமங்கலம் பக்கம்,
ஐப்பசி 24

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்கு அடைமழை பாதிக் காரணம். மீதிப் பாதி ஒரு கடுவன் பூனை.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மகளுக்கு இரண்டாவது பிரசவம். அவளுடைய அம்மா பெங்களூர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சமையல் ஒருவாறு கைக்கு வந்துவிட்டது. ரசம் வைத்தால் ரசம் மாதிரியே இருக்கிறது. துணிதான் என்னைக் கவிழ்த்தது. நாற்பது வருஷமாக அழுக்குத் துணியைக் கூடையில் போடுவதோடு என் வேலை முடிந்தது. இரண்டு நாள் கழித்து அது மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டதே இல்லை.

பேரன் தூக்கி வந்த நாய்க்குட்டி போர்வை, தலையணை எல்லாவற்றையும் நனைக்கிறது, எத்தனை தரம் துவைத்தாலும் வாடை போகவில்லை, எதிர் ஃப்ளாட்காரர் மூக்கைச் சுளிக்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் எனக்கும் வந்தது.

அந்தப் பவானி ஜமுக்காளம் உனக்கு நினைவிருக்கும். சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்டது. கல்லூரி விடுமுறையில் திண்ணையில் விரித்து நாலு பேர் படுப்போமே, அதேதான். இன்னும் கிழியவில்லை. அதை மடித்துக் கூடத்து பெஞ்சில் வைத்திருந்தேன். மழைக்கு ஒதுங்கிய கடுவன் ஒன்று உள்ளே வந்தது. சரி, பாவம், நனைந்திருக்கிறது என்று விட்டேன். அது ஜமுக்காளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நட்டமாகத் தூக்கி, வால் நுனியைக் கிடுகிடுவென்று நடுக்கிக்கொண்டு, ஒரு பீய்ச்சு. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

அப்புறம் நான் செய்ததெல்லாம் தப்பு. வரிசையாகச் சொல்கிறேன், நீ செய்யாமல் இருப்பதற்கு. முதலில் வெந்நீர் அண்டாவில் கொதிக்கக் கொதிக்க இருந்ததை அப்படியே ஊற்றினேன். சூடு பட்டால் எல்லாம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அப்புறம் மிஷினில் போட்டு, பொடியை இரண்டு மடங்கு கொட்டி, வாசனைத் திரவத்தில் மூன்று மூடி விட்டேன். காய்ந்ததும் மோந்து பார்த்தேன். மல்லிகை மணம். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மூன்றாம் நாள் மேகம் கூடி ஈரக் காற்று வீசியது பார், கூடம் முழுக்க மல்லிகைத் தோட்டத்தில் பூனை.

கோபம் வந்து பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஜமுக்காளத்தின் மேல் ஊற்றினேன். ஊற்றிக் குனிந்த அடுத்த நிமிஷம் கண்ணும் தொண்டையும் எரிந்து, இருமிக்கொண்டே கொல்லைப்புறம் ஓடினேன். நல்லவேளை, கிணற்றடி திறந்த வெளி. உன் ஃப்ளாட் குளியலறை மாதிரி அடைசலான இடமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும்.

அக்கா பேரன் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் சொன்னேன். "தாத்தா, செத்துக்கித்து வெச்சிருப்பீங்க" என்று திட்டிவிட்டுத்தான் விளக்க ஆரம்பித்தான். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைத்தால் அமோனியா. அமோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரமைன் என்ற விஷ வாயு. பிளீச்சிங்கோடு வினிகர் சேர்த்தாலும் தப்பு. அது குளோரின் வாயு. ஆகவே மூத்திரத் துணிக்குப் பிளீச்சிங் கிட்டேயே வரக்கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் உன் மருமகளிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

பூனை நாற்றம் ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்றும் கேட்டேன். பூனையின் மூத்திரத்தில் ஃபெலினின் என்று கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கிறதாம். முதலில் அதற்கு வாடை அவ்வளவாக இல்லை. நேரம் ஆக ஆக அது உடைந்து கந்தக வாடையைக் கிளப்புகிறது. காயடிக்காத கடுவனிடம்தான் அது மிக அதிகம். பழைய கறை புதுக் கறையைவிட மோசமாக நாறுவது இதனால்தான். காய்ந்துபோன கறை துணிக்குள் சும்மா இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி எழுந்துகொள்ளும். நம் ஊர் ஐப்பசிக்கு அது போதாதா?

கொதிநீர் ஊற்றியது இன்னொரு தப்பு. மூத்திரத்திலும் எச்சிலிலும் உள்ள புரதம் சூட்டில் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்கிறது, முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி. வாடை முழுசாகப் போகும்வரை இஸ்திரியும் போடக்கூடாது. வாசனைத் திரவமோ நூலின் மேல் மெழுகு மாதிரி படிந்து, உள்ளே இருப்பதைத் தண்ணீர் தொடவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நான் காசு கொடுத்து நாற்றத்துக்குக் குடை பிடித்திருக்கிறேன்.

அன்று ராத்திரி அவன் ஒரு வேடிக்கை காட்டினான். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு டார்ச் ஒன்று சொசைட்டியில் வேலை பார்த்த நாளிலிருந்து என்னிடம் கிடக்கிறது. கூடத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அதை ஜமுக்காளத்தின் மேல் அடிக்கச் சொன்னான். மங்கலான மஞ்சள் பச்சையில் ஒரு திட்டு, அதற்குக் கீழே வழிந்த கோடுகள், சிதறிய புள்ளிகள். நான் ஒரே இடம் என்று தேய்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் கால், சுவரின் அடி எல்லாம் அது பட்டிருந்தது. மூக்குக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்தது. டார்ச்சைத் திருப்பும்போது என் வேட்டியின் மேல் பட்டது. வேட்டி முழுக்க நீலமாக ஜொலிக்கிறது! பதறிவிட்டேன். "அது பூனை இல்ல தாத்தா, சோப்புத்தூளில் வெள்ளைக்குப் போடுற சாயம்" என்றான்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, வழிந்தவரை வெளியே எடுக்க வேண்டும். நாய்க்குட்டி நனைத்த உடனே என்றால், பழைய துண்டை வைத்து அழுத்தி ஒற்றி எடு, தேய்க்காதே. அடுத்து வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, அரை மணி ஊறல். அமோனியா காரம், வினிகர் புளிப்பு. இரண்டும் சேர்ந்து உப்பாகித் தண்ணீரோடு போய்விடும். வினிகரோடு ஆப்பச் சோடாவைச் சேர்த்துக் கொட்டி நுரை வருவதை வீடியோவில் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். சோடா வேண்டுமானால் அலசியபின் தனியாகப் போடு.

முக்கியமானது அதற்கு அடுத்தது. செல்லப்பிராணிக் கடைகளில் நொதித் திரவம் விற்கிறார்கள், என்சைம் என்பார்களே, கறையை அரித்து உடைக்கிறது, அது. தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்தான். தெளித்துத் துடைக்கிற சமாச்சாரம் இல்லை இது. கறை எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கு இதுவும் போக வேண்டும். காயாமல் இருக்க வேண்டும். நான் அந்த இடத்தைச் சொதசொதவென்று நனைத்து, மேலே உரச் சாக்கின் உள்பையைப் போர்த்தி ராத்திரி முழுக்க விட்டேன். நொதி உயிருள்ள சாமான் மாதிரி, அவசரப்படுத்தினால் வேலை செய்யாது. கொதிநீர் அதைக் கொன்றுவிடும், பிளீச்சிங்கும் கொன்றுவிடும். வெதுவெதுப்பு போதும். எனக்கு இரண்டு தரம் செய்ய வேண்டியிருந்தது, முதல் நாள் வெந்நீர் ஊற்றிய புண்ணியத்தால்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன். நாய்க்குட்டி உங்கள் வீட்டுப் பட்டுப் புடவையை நனைத்திருந்தால் இந்தத் திரவமும் வேண்டாம், நொதி போட்ட சோப்புத்தூளும் வேண்டாம். பட்டும் கம்பளியும் புரதம்தான். புரதத்தை அரிக்கிற நொதிக்குக் கறை எது, திருபுவனம் பட்டு எது என்று தெரியாது. பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட விட்டு, விவரம் தெரிந்த சலவைக்காரரிடம் கொடுத்துவிடு.

நாயும் பூனையும் இல்லாமலே மழைக்காலத்தில் துணிக்கு வருகிற ஈர வாடை வேறு கதை. 2018இல் கஜா புயல் அடித்தபோது எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அலசிப் பிழிந்த துணி மூட்டையாகவே கிடந்தது. அந்த வாடை தை மாதம் வரை போகவில்லை. பையன் சொல்கிறான், 2012இல் ஜப்பான்காரர்கள் அந்த வாடைக்குக் காரணமான கிருமியையே பிடித்துவிட்டார்களாம். மொராக்செல்லா என்று பெயர். துவைத்தும் போகாமல் நூலில் தங்கும் உடம்பு எண்ணெயைத் தின்று அது வாடை கிளப்புகிறது; ஓரளவு காயவைத்தாலும் வெயில் பட்டாலும் அசையாது. ஆகவே எண்ணெயைப் போக்கவும் வேண்டும், சட்டென்று காயவைக்கவும் வேண்டும். மிஷின் நின்றதும் துணியை எடுத்துவிடு. நான் ஒரு தரம் மதியச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடித்துவிட்டுப் போய் மூடியைத் திறந்தேன்; ஊறப்போட்ட நெல் மாதிரி வாடை வந்தது. கொடியில் துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி, கீழே ஒரு மேஜை விசிறி. இவ்வளவுதான் என் ஏற்பாடு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு அதில் திரிந்து துணியில் படிந்துவிடுகிறது. அதனால் கடைசி அலசலுக்குத் தாழ்வாரத்தில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிக்கிறேன். துணி மெத்தென்று வருகிறது. உனக்கு மாடியில் நாலாவது தளம். இந்தச் சுகம் கிடையாது.

பாலியெஸ்டர் சட்டையில் வியர்வை வாடை பருத்தியைவிட ஏன் அதிகம் தங்குகிறது என்பதற்கும் அவனிடம் காரணம் இருந்தது. அது தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயை விடாது. நான் பாதி கேட்டதோடு தூங்கிவிட்டேன்.

இதையெல்லாம் அம்மா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தாள், மணி. நமக்கு எல்லாமே நாற்றம். அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தலையணை உறையில் வருவது எண்ணெய்ச் சிக்கு வாடை. அதற்குச் சூடான தண்ணீரும் சலவைச் சோடாவும். மீன் கழுவிய முந்தானையில் கவிச்சி. அதற்கு எலுமிச்சம் மூடி. மீன் வாடை காரம், புளிப்புக்கு அடங்கும். பிள்ளைத் துணியில் பால் புளித்த வாடை. அதற்குப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் தொடவே கூடாது. முதலில் என்ன வாடை என்று கேட்பாள், அப்புறம்தான் வாளியை எடுப்பாள். நான் வாளியை எடுத்துவிட்டுத்தான் யோசித்தேன்.

அவளாலும் முடியாதது சலவைக்காரர்களின் வெள்ளாவிக்குப் போகும். கோரையாற்றுப் படித்துறைக்குக் கீழே புகை எழும்பிக்கொண்டிருக்குமே. உவர்மண் கரைசலில் முக்கிய துணியைப் பானைகளின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் அவித்து, விடியலில் கல்லில் அடிப்பார்கள். உவர்மண்ணின் காரம் எண்ணெயைக் கரைக்கும், ஆவி கிருமியைக் கொல்லும். எண்ணெய், கிருமி என்று இப்போது பையன் சொன்னதெல்லாம் அந்தப் பானைக்குள் நடந்துகொண்டிருந்தது. வேட்டி மூலையில் சேங்கொட்டை மையில் ஒரு சின்னக் குறி இருக்கும். ஊர்த் துணி முழுவதையும் அந்தக் குறியை வைத்தே வீடு வீடாகப் பிரித்துவிடுவார்கள். தீட்டுத் துணி, சீக்காளித் துணி, பிரசவத் துணி எல்லாம் அவர்கள் கைக்குத்தான் போகும். அறுவடைக்குச் சில மரக்கால் நெல், அன்றாடம் ராத்திரிச் சோறு. ஆனால் அவர்களை நம் வீட்டு வாசல்படி தாண்டவும் விட்டதில்லை. கிணற்றடியில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

மற்றபடி ஊரில் விசேஷமில்லை. சம்பாப் பயிர் நன்றாக இருக்கிறது, பள்ளத்து வயல்களில் மட்டும் தண்ணீர் வடியவில்லை. என் மூட்டுவலி அப்படியே. வீட்டுக்காரி கார்த்திகைக் கடைசியில் வருகிறாள்; கடுவன் கதையை நீ அவளிடம் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கடுவனும் தினம் வருகிறது. பையன் அடுத்த தரம் வரும்போது காயடிக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை கூடத்துக் கதவு சாத்தியே இருக்கும்.

ஜமுக்காளம் நேற்றுதான் காய்ந்தது. வெயிலில் மோந்து பார்த்ததை நான் இனி நம்புவதாக இல்லை. இன்றைக்கு மேற்கே கறுத்திருக்கிறது. மழை இறங்கட்டும், அப்புறம் மோந்து பார்க்கிறேன். பொங்கலுக்கு நீ வந்தால் திண்ணையில் அதைத்தான் விரிப்பேன். உன் மூக்குதான் பொடி போட்டே கெட்டுப்போன மூக்கு, அதனால் பேரனையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் நண்பன்