நாங்கள் சேர்ந்துதான் போனோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'பக்கத்துக் காட்டுக்காரனையே நம்பாத மக்கள் அரசை எப்படி நம்புவார்கள்?' என்று ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில் கேட்டிருந்தீர்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான். அந்த வரியைப் படித்தபிறகு இரண்டு நாள் மனசு ஆறவில்லை.

எனக்கும் என் பங்காளிக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்புதான். எண்பதுகளில் அரசு நிலக் கணக்கைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவில் அவருடைய 14 சென்ட் என் பட்டாவில் ஏறிவிட்டது. அப்படி எத்தனை ஊரில் எத்தனை பேருக்கு ஆனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணில் அவர்தான் உழுதார், அவர்தான் அறுத்தார். எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை. பயிர்க்கடனுக்கு, நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா அவருக்குத் தேவைப்பட்டபோது இருவரும் சேர்ந்தே போய், 'இது அவர் நிலம், எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். நாலு வருடம் அலைந்தோம். கடைசியில், "யாராவது ஒருத்தர் கேஸ் போட்டு கோர்ட்டுல தீர்ப்பு டிகிரி வாங்கிட்டு வாங்க" என்றார் அதிகாரி.

போட்டோம். அவர் வாதி, நான் பிரதிவாதி. வக்கீல் நோட்டீஸில் 'அபகரிக்கும் கெட்ட எண்ணத்துடன்' என்று ஒரு வாசகம். அது வழக்கமாக எழுதுவதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என் மகனுக்குத் தெரியவில்லை. அன்றையிலிருந்து அவனும் அவர் மகனும் பேசுவதில்லை. ஐயா, இதில் முதலில் யாரை யார் நம்பவில்லை?

எங்கள் கண்மாயில் என் அப்பா காலம்வரை 'நீர்பாய்ச்சி' என்று ஒருவர் இருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். தண்ணீர் குறைந்த வருடத்தில்கூட யாரும் ராத்திரி வயலில் காவல் கிடந்ததில்லை. அவருக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை, அறுவடையில் நெல்தான் கூலி. அவர்மேல் அத்தனை நம்பிக்கை வைத்த ஊர் அவரைத் திண்ணையில் உட்காரவிடவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். 2017-இல் கண்மாயைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டத்தில், அந்தத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுதாரர் பங்கு 10 சதவீதம் என்றார்கள், கொடுத்தோம். மண் எவ்வளவு எடுத்தார்கள், பணம் எவ்வளவு போனது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. வசூலித்துக் கொடுத்த என்னைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்த்தது.

இதையெல்லாம் கேட்க ஒரு தலைவராவது இருக்க வேண்டாமா? 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்குமேல் ஊராட்சிக்குத் தேர்தலே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. பிறகு தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். எங்களை நம்பி எங்கள் ஊரை எங்களிடம் விடாதவர்களைப் பற்றியும் ஒரு தலையங்கம் எழுதுங்கள்.

அது முடியாவிட்டாலும், ஒரு சின்ன வேண்டுகோள். வருடாவருடம் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தியில், எந்த உள்வட்டத்துக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) எந்த நாள் என்ற பட்டியலை ஒரு வாரம் முன்பாக வெளியிடுங்கள். போன முறை எங்கள் கிராமத்துக்கு உரிய நாள் முடிந்த மறுநாள்தான் உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தது.

இப்படிக்கு,
ஓர் ஆயக்கட்டு விவசாயி,
சிவகங்கை மாவட்டம்.